அனுசியாவின் மடை

ஒரு நோவும் இல்லாத பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, வயிற்றைத் திறந்து மடை வைத்துவிடுங்கள் என்று ஒரு தாய் கேட்டாள்.

என் காதில்தான் கோளாறு என்று நினைத்தேன். டாக்டர் வின்சென்ட்டும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"திரும்பச் சொல்லுங்கம்மா. பிள்ளைக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல டாக்டரய்யா. நல்லாத்தான் இருக்கா. நல்லா இருக்கும்போதே வச்சிரலாம்னுதான் கூட்டியாந்தேன்."

"மடை என்ன கம்மலாம்மா, நல்லா இருக்கும்போதே போட்டுவிட?"

நான் சிரித்தேன். அந்தத் தாய் சிரிக்கவில்லை. பெயர் முத்துப்பேச்சி. கோவில்பட்டிப் பக்கம் சிட்டாங்குளம். தீப்பெட்டி ஆபீசில் வேலை. விரல் நுனியில் மருந்தின் சிவப்பு இன்னும் ஒட்டியிருந்தது. பிள்ளை அனுசியா மூன்றாம் வகுப்பு. இரட்டைச் சடை, புதுச் சீருடை, இடுப்பில் பெல்ட். எங்கள் மருத்துவமனைச் சுவரில் வரைந்திருந்த யானையின் வாலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

மதுரையில் குழந்தைகளின் சிறுநீர்க் கோளாறுகளுக்கென்றே இருக்கிற மருத்துவமனை எங்களுடையது. நான் டாக்டர் இல்லை. பெயர் இசக்கியம்மாள், பொறியாளர். உள்ளே வைக்கிற மடைக்குப் புத்தி சொல்லிக் கொடுப்பது என் வேலை. தாசில்தார் முத்திரை குத்தி "முதல் பட்டதாரி" என்று சான்றிதழ் கொடுத்த ஆள். எங்கள் தெருவுக்குப் பெயர் காலனி. அதைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் ஒரு நொடி நின்று, அப்புறம் ஓடும். பழகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பழகவில்லை.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "முதுகுத்தண்டு சரியா மூடாம பிறக்கிற பிள்ளைங்க இருக்காங்க. அவங்களுக்கு மூத்திரம் முட்டுறதும் தெரியாது, போறதும் தெரியாது. முன்னாடி நாளுக்கு நாலஞ்சு தடவ குழாய் விட்டு எடுக்கணும். எந்த ஸ்கூல்லயும் சேக்கமாட்டான். அந்தப் பிள்ளைங்களுக்காக வந்ததுதான் மடை. மூத்திரப் பையோட கழுத்துல ஒரு வளையம். பை நிறைஞ்சாலும் இறுகாம பாத்துக்கும். தொப்புளுக்குக் கீழ அழுத்தினா திறக்கும், திரும்ப அழுத்தினா மூடும். உங்க பிள்ளைக்குத்தான் கடவுள் குடுத்த மடை நல்லா இருக்கே."

"எனக்குத் தெரியும்யா. பிரின்சியாவுக்கு நீங்கதான வச்சீக? எம் பிள்ள கிளாசுதான் அவ. காலைல போனா சாயங்காலம் வரைக்கும் சிலையாட்டம் உக்காந்திருக்கா. துணி நனையல, ஒண்ணுமில்ல. இவதான் பாவாடைய நனைச்சிட்டு வந்து நிக்கா. பயலுக 'வாய்க்கா, வாய்க்கா'ன்னு கூப்புடுதானுக."

"ஸ்கூல்ல பாத்ரூம் இல்லையா?" என்று நான் கேட்டேன்.

முத்துப்பேச்சி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க எந்த ஊரு தாயி?"

எனக்குத் தெரியாததா? பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை பள்ளியில் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தவள் இல்லை நான். காலையில் காப்பியையும் பாதி கீழே ஊற்றிவிட்டுத்தான் கிளம்புவேன். இன்றைக்கு ஓட்டுநர் இல்லாத பேருந்து கோவில்பட்டிக்கு வந்துவிட்டது. எல்லாப் பள்ளியிலும் சுவரே பாடம் நடத்துகிறது. பள்ளிக் கழிவறைக்கு மட்டும் தண்ணீர் வந்து சேரவில்லை.

டாக்டர் ஸ்கேன் பார்த்தார். இரண்டு சிறுநீரகமும் புதிதாய்ச் சந்தைக்கு வந்த அவரை விதை மாதிரி இருந்தன. "ஒண்ணும் இல்லம்மா. தண்ணி நல்லா குடிக்கணும். மூணு மணி நேரத்துக்கு ஒருதரம் தவறாம போகணும். அடக்கவே கூடாது. இதான் மருந்து."

"எங்க போவா?"

டாக்டர் ஸ்கேன் படத்தை மடித்து உறையில் போட்டார்.

"நானே விடியுமுன்ன ஒருதடவ, இருட்டுனப்புறம் ஒருதடவ. எனக்கு வயசாச்சு, அடங்கிருச்சு. இவளுக்கு அடங்கல." பிள்ளையின் பெல்ட்டைச் சரிசெய்தாள். "அப்ப, சீக்கு வந்தாத்தான் மடை வைப்பீக?"

"ஆமாம்மா."

"சரிய்யா. அப்ப சீக்காக்கிட்டு வாரேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ரேஷன் கடையில் பாமாயில் இல்லை என்றால் "சரி, அடுத்த வாரம் வாரேன்" என்பார்களே, அந்தக் குரல். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் சிரிக்க முயன்றார். "சும்மா சொல்றாங்க."

சும்மா சொல்லவில்லை. அடுத்த கோடை விடுமுறைக்கு முன்னால் வந்து நின்றாள். அனுசியாவுக்குக் காய்ச்சல், விலாவில் வலி. ஸ்கேனில் இடது சிறுநீரகம் ஊறிய பருத்திக்கொட்டை மாதிரி வீங்கியிருந்தது. சிறுநீர்ப்பையின் சுவர் தடித்துப்போய், ஒரு குழந்தையின் வயிற்றுக்குள் குஸ்திக்காரன் தசை.

டாக்டர் பேசுவதற்குள் நான் கத்திவிட்டேன். "என்ன செஞ்சீங்க பிள்ளைய? என்ன குடுத்தீங்க? உண்மையச் சொல்லுங்க!"

முத்துப்பேச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் ஒண்ணும் செய்யல தாயி. ஸ்கூலுக்கு அனுப்புனேன். அவ்வளவுதான்."

டாக்டர் ஸ்கேன் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

டாக்டர் மெதுவாக விளக்கினார். அடக்கி அடக்கிப் பைக்குத் திறக்கவே மறந்துவிட்டது. மூடவேண்டிய நேரத்திலும் மூடுகிறது, திறக்கவேண்டிய நேரத்திலும் மூடுகிறது. அணை நிரம்பி மதகு திறக்காவிட்டால் தண்ணீர் பின்னால் ஏறி மேலே இருக்கிற ஊரை மூழ்கடிக்கும் அல்லவா? மேலே இருக்கிற ஊர்தான் சிறுநீரகம்.

தாயும் மகளும் வெளியே போனதும் நான் அவரிடம் பாய்ந்தேன். "சார், இந்தப் பிள்ளைக்கு நோய் இல்ல. அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் நோய். நீங்க ஆபரேஷன் பண்ண வேண்டியது அதுக்கு."

"நான் டாக்டர், இசக்கி. கொத்தனார் இல்ல."

"அப்படின்னா சிட்டாங்குளத்துல இருக்கிற அத்தனை பொம்பளப் பிள்ளைக்கும் வைப்பீங்களா?"

"இப்ப வைக்கலன்னா அடுத்த வருஷம் டயாலிசிஸ்ல கிடக்கும். நீ சொல்லு, என்ன செய்ய?"

வைத்தோம்.

ஆனால் மடையின் புத்தி என் கையில் அல்லவா இருந்தது. அனுசியாவின் மடைக்குள் ஓர் அபாயக் கோடு போட்டேன். உள்ளே அழுத்தம் அந்தக் கோட்டைத் தொட்டால் முதலில் வயிற்றில் மெல்ல அதிரும். அப்படியும் போகவில்லை என்றால் யாரையும் கேட்காமல் தானே திறந்துகொள்ளும். தையல் பிரித்த அன்று அவள் கையை எடுத்துத் தொப்புளுக்குக் கீழே வைத்துக் காட்டினேன்.

"இது உன் பேச்சை மட்டும்தான் கேக்கும். ஆனா ஒண்ணு, அளவுக்கு மேல போச்சுன்னா உன் பேச்சையும் கேக்காது. திறந்துரும்."

"கிளாஸ்ல இருந்தாலுமாக்கா?"

"கிளாஸ்ல இருந்தாலும்."

"டீச்சர் அடிச்சாலும்?"

"டீச்சர் அடிச்சாலும். உன் கிட்னிய யாரும் தொடமுடியாது. நான் சொல்றேன்ல?"

சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அந்த ஆண்டே அரசுக் காப்பீட்டில் மடையைச் சேர்த்துவிட்டார்கள். முதுகுத்தண்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமில்லை. "பள்ளிப்பருவ அடக்கல் நோய்" என்று ஒரு பெயர் வைத்து எல்லோருக்கும். நோய்க்குப் பெயர் வைத்தவன் மகா கெட்டிக்காரன். அதில் பள்ளியும் இருந்தது, அடக்கலும் இருந்தது. குற்றவாளி மட்டும் இல்லை. சிட்டாங்குளத்தில் இருந்து வேன் பிடித்து வந்தார்கள். அத்தனை மடைக்குள்ளும் அதே அபாயக் கோட்டைப் போட்டேன். தாய்மார்கள் காதுகுத்துக்கு வந்தவர்கள் மாதிரி பூ வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மடை செய்யும் கம்பெனி எல்லாருக்கும் ஜூஸ் கொடுத்தது. ஜூஸை வாங்கிய ஒரு பிள்ளை, "குடிக்கலாமாம்மா?" என்று கேட்டது. இனிமேல் குடிக்கலாம் என்று தாய் சொன்னாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சந்தோஷமா துக்கமா என்று அப்போது தெரியவில்லை.

பரிசோதனைக்கு அனுசியா அடுத்து வந்தபோது ஸ்கேனைப் பார்த்த டாக்டர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "இங்க வா" என்றார். அவ்வளவுதான்.

இடது சிறுநீரகம் சுருங்கிப்போயிருந்தது. செத்துவிட்டது. வலதும் வீங்கத் தொடங்கியிருந்தது.

"உன் கோடு எங்க போச்சு?" என்றார்.

மடையின் நினைவைத் திறந்து பார்த்தேன். கோடு போட்ட இடத்தில் இருந்தது. ஆனால் பள்ளி நாட்களில் காலையில் வீட்டில் கிளம்பும் நேரத்தில் மடை தூங்கிவிடுகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் விழிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தூங்குவதே இல்லை.

"உன் புரோகிராம்ல கோளாறு" என்றார் டாக்டர்.

"எந்தக் கோளாறு சார் ஞாயித்துக்கிழமை லீவு எடுக்கும்?"

கோபத்தில் கத்திவிட்டேனே தவிர, கோட்டின் கணக்கை மறுபடி முதலில் இருந்து சரிபார்த்தேன். ஒருவேளை நான்தான் கொன்றேனோ? காலனியில் இருந்து வந்தவளுக்கு இந்த வேலை எதற்கு என்று கல்லூரியில் ஒருத்தன் சொன்னானே, அவன் சொன்னது சரிதானோ? அந்த ஒரு நிமிடத்தில் அவனை நம்பிவிட்டேன். அதற்காகவும் இந்தக் கதையில் யாரையும் நான் மன்னிக்கப் போவதில்லை.

அனுசியா படுக்கையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பள்ளியில் இருந்து நேராக வந்ததால் சீருடை. நர்ஸ் அவள் பக்கத்தில் கட்டுப்பிரிக்கும் சாமான் தட்டை வைத்தாள். தட்டில் இருந்த கத்தரிக்கோல் லேசாக அசைந்தது. அப்புறம் மெதுவாக நகர்ந்தது. நகர்ந்து, தட்டின் விளிம்பைத் தாண்டி, டக் என்று அனுசியாவின் இடுப்பில் ஒட்டிக்கொண்டது.

நர்ஸ் ஐயோ என்று பின்னால் போனாள். நான் கத்தரிக்கோலைப் பிடுங்கினேன். கையை விட்டதும் மறுபடி ஒட்டிக்கொண்டது.

பெல்ட்டை அவிழ்த்துப் பிரித்தேன். கொக்கிக்குப் பின்னால், துணிக்குள், சிவப்பு நூலில் நெருக்கமான கைத்தையல் போட்டு ஒரு வட்டக் காந்தம். பழைய ஒலிபெருக்கியில் இருந்து எடுத்தது.

"இது யார் தச்சது?"

"நான்தான் தாயி" என்றாள் முத்துப்பேச்சி. பெருமையாகத்தான் சொன்னாள். "தையல் பிரியவே பிரியாது."

"எதுக்கு?"

"கிளாஸ்ல திறந்துருச்சுல்லா. மொத தடவ. பெஞ்சில இருந்து தரையெல்லாம் ஓடிருச்சு. பிள்ள ஒரு வாரம் ஸ்கூலுக்குப் போமாட்டேன்னுட்டா. அப்புறம் ஹெச்.எம். டீச்சர்தான் இத வைக்கச் சொன்னாக. இத வச்சா மடை பேசாம இருக்குமாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் தச்சிருக்கோம். என் தையல் நல்லாருக்குன்னு நாலு பேரு என்கிட்டதான் குடுத்தாக."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

காந்தம் வைத்தால் மடை தூங்கும். அது உண்மை. வேறு ஏதாவது ஆபரேஷன் நடக்கும்போது மடையை அடக்கிவைக்க டாக்டர்களுக்காக வைத்த வழி அது. தூங்கினால் மூடியே தூங்கும்; கம்பெனியின் முடிவு. நனையாத பிள்ளையைத்தான் விளம்பரத்தில் காட்ட முடியும். ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்கப் போன கம்பெனிக்காரன், "அவசரம்னா ஒரு காந்தத்தை வைங்க" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வந்திருக்கிறான்.

"அம்மா, இதனால ஒரு கிட்னி போயிருச்சு" என்றார் டாக்டர். "இன்னொண்ணும் போகப் போகுது."

முத்துப்பேச்சி காந்தத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் கையால் தன் வாயை அடித்துக்கொண்டாள். ஒருமுறை இல்லை. நர்ஸ் பிடித்து நிறுத்தும்வரை.

மறுநாள் காலை வழிபாட்டுக்கு முன்னால் சிட்டாங்குளம் பள்ளிக்குப் போய் நின்றேன். டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் கடிதம் எழுதலாம் என்பார்.

தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்தது. உறுதிமொழி முடிந்தது. பையன்கள் கலைந்து ஓடினார்கள். பெண்பிள்ளைகள் வரிசை கலையவில்லை.

தலைமையாசிரியை கற்பகவல்லி வரிசைக்கு வந்தார். கையில் சாவிக்கொத்து. முதல் பிள்ளையின் பெல்ட் அருகே நீட்டினார். டக். ஒட்டியது. பிடுங்கிக்கொண்டு அடுத்த பிள்ளை. டக். அடுத்தது. டக். ஒரு பிள்ளையிடம் ஒட்டவில்லை. "பெல்ட்டு எங்க? மறந்துட்டயா? போ, ஆபீஸ் ரூம்ல ஒண்ணு இருக்கும், மாட்டிட்டு வா." பிள்ளை ஓடியது. யாரும் அழவில்லை. யாரும் முரண்டு பிடிக்கவில்லை. நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்க்கக் கை நீட்டுவார்களே, அந்த மாதிரி இடுப்பை முன்னால் தள்ளிக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஓடிப்போய் அந்தச் சாவிக்கொத்தைப் பிடுங்க வேண்டும் என்று நினைத்தேன். கால் நகரவில்லை.

பள்ளிக்குப் பின்னால் கழிவறை இருந்தது. இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இருந்தது. பளிங்குக்கல் ஒட்டி, சுவரில் பட்டாம்பூச்சி வரைந்து, திறந்துவைத்தவர் பெயர் வெட்டி. கதவில் பூட்டு. பூட்டில் துரு.

"சாவி அந்தக் கொத்துல இருக்கா?" என்று தலைமையாசிரியை அறைக்குப் போய்க் கேட்டேன். நான் யார் என்று சொல்லி, அனுசியாவைப் பற்றியும் சொல்லி முடித்திருந்தேன். கற்பகவல்லி முகத்தில் ரத்தம் இல்லை.

"இருக்கு."

"அதை வச்சுத்தான் பிள்ளைகளைச் சோதிக்கிறீங்க. கதவைத் திறக்கிறதுக்கு என்ன?"

"திறந்தா யாரு கழுவுவா?" அவர் குரல் உயர்ந்தது. "ஒரு காலத்துல பிள்ளைகளத்தான் கழுவச் சொன்னோம். எந்தப் பிள்ளைகளன்னு நான் சொல்லணுமா? பெத்தவுக ரோட்டுல உக்காந்துட்டாக. கலெக்டர் வரைக்கும் போச்சு. அவுக செஞ்சதும் சரிதான், நான் இல்லங்கல. ஆனா அதுக்கப்புறம்? ஆள் போட மாட்டேன்னுட்டாக. மத்த பிள்ளைகளத் தொடச் சொன்னா அவுக வீட்ல அருவாளத் தூக்குவாக. எழுதி எழுதிப் பாத்தேன். பூட்டிட்டேன். அதோட சண்ட முடிஞ்சுது."

"சண்டை முடிஞ்சுது. பிள்ளை கிட்னியும் முடிஞ்சுது."

"என்னை என்னன்னு நெனச்சீக? எனக்கு மட்டும் இங்க தனியா கட்டி வச்சிருக்கா?"

சட்டென்று கதவைச் சாத்தினார். சேலை முந்தானையை ஒதுக்கி இடுப்பைக் காட்டினார். தொப்புளுக்குக் கீழே ஒரு தழும்பு. அந்தத் தழும்பை எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அரைஞாணில் தாயத்து மாதிரி கோத்துத் தொங்கியது ஒரு காந்தம்.

"போன வருசம் தனியார்ல வச்சேன். நான் மட்டுமில்ல, இங்க இருக்கிற டீச்சருக எல்லாரும். சர்வீஸ் பூரா அடக்குனவ நான். எனக்குப் பண்ணுனதத்தான் பிள்ளைகளுக்கும் பண்ணேன். கெடுதல்னு நெனைக்கல. சத்தியமா நெனைக்கல."

திட்டித் தீர்க்க வந்தவள் நான். வாயில் வைத்திருந்த வசவெல்லாம் உள்ளேயே நின்றுவிட்டது. அதைவிட மோசமான ஒன்று நடந்தது: எனக்கு முட்டியது. விடிகாலையில் மதுரையில் கிளம்பியவள். பள்ளிக்குள் நின்றுகொண்டு, வழக்கம்போல, நினைக்காமலே அடக்கிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், யாரு கழுவுவான்னு கேட்டீங்கள்ல" என்றேன். "நாலாப்புல என் கையிலதான் வாளி இருந்துச்சு. நான் கழுவிட்டேன். இனிமே உங்க முறை."

அவர் முகம் ஒரு நொடி நின்றது. அப்புறம் ஓடவில்லை. அப்படியே நின்றது.

மருத்துவமனைக்குத் திரும்பி டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"காந்தத்தை எடுங்கன்னு எல்லாப் பெத்தவங்களுக்கும் சொல்லிருவோம்" என்றார்.

"எடுக்க மாட்டாங்க சார். கிட்னி உள்ள இருக்கு, யாருக்கும் தெரியாது. நனைஞ்ச பாவாடை எல்லாருக்கும் தெரியும். எந்த அம்மா எதுக்குப் பயப்படுவா?"

"வேற என்ன பண்ண?"

"காந்தத்தோட அர்த்தத்தை மாத்திருவோம். இப்ப காந்தம் வச்சா மூடிக்குது. இனிமே காந்தம் வச்சா திறக்கட்டும்."

அவர் என்னையே பார்த்தார். மடைகள் எல்லாம் தாயின் கைபேசி வழியாக எங்கள் மருத்துவமனையோடு பேசிக்கொண்டிருப்பவை. நாங்கள் வைத்த மடைகளுக்குப் புதுப் புத்தி அனுப்ப அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். கம்பெனி குதிக்கும்.

"காந்தத்தோட ஒரு பிள்ளை வகுப்புல உக்காந்தா?"

"நனையும். அதனாலதான் முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிரணும். பள்ளிக்கூடத்துக்கும் சொல்லிரணும். சொன்னப்புறம் ஒருத்தி பெல்ட்லயும் காந்தம் இருக்காது. காந்தம் இல்லன்னா கோடு வேலை செய்யும். கோடு வேலை செஞ்சா கதவைத் திறந்துதான் ஆகணும்."

"பிள்ளைங்களை வச்சு மிரட்டுறியா, இசக்கி?"

கேள்வி சுருக்கென்று குத்தியது. ஏனென்றால் அது உண்மை. இவ்வளவு நாளும் அந்தப் பிள்ளைகளின் வயிற்றை வைத்து ஆளாளுக்கு ஏதோ செய்துகொண்டார்கள். நானும் இப்போது அதைத்தான் செய்யப் பார்க்கிறேனா?

வார்டுக்குப் போனேன். அனுசியா யானையின் துதிக்கையைத் தடவிக்கொண்டு நின்றாள். முத்துப்பேச்சி தரையில் உட்கார்ந்திருந்தாள்; முந்தைய நாளில் இருந்து அவள் யாரிடமும் பேசவில்லை. நான் பிள்ளையிடமே கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்காமல், கிளாசில் நனையலாம் என்பதையும் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

அனுசியா யோசித்தாள்.

"எனக்கு மட்டும்னா வேண்டாங்க்கா. எல்லாருக்கும்னா சரி."

"ஏன்?"

"எல்லாரும் நனைஞ்சா யாரு யாரப் பாத்து சிரிப்பா?"

பின்னால் ஒரு சத்தம். டாக்டர் வின்சென்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "போடுறேன்" என்றார். "நான் கொத்தனார் இல்லன்னு சொன்னேன். இடிக்கவாவது செய்யலாம்."

வெள்ளிக்கிழமை எல்லாத் தாய்மாருக்கும் செய்தி போனது. பள்ளிக்கும் போனது. "திங்கட்கிழமை முதல் காந்தம் பட்டால் மடை திறக்கும்." வேறு ஒரு வார்த்தையும் நான் எழுதவில்லை. அன்றைக்கே என் கைபேசிக்குக் கம்பெனியில் இருந்து வந்த வசவுகளை இங்கே எழுதமுடியாது. முத்துப்பேச்சி மட்டும் கூப்பிட்டாள். "சிட்டாங்குளம் பூரா பெல்ட்டப் பிரிச்சிக்கிட்டு இருக்கோம் தாயி. தச்சதவிட பிரிக்கத்தான் நேரமாகுது."

திங்கட்கிழமை அனுசியாவைப் பள்ளியில் விட நானும் போனேன். பத்துமணிப் பாடம் முடிந்திருந்தது. வழியெல்லாம் எனக்கு ஒரே பயம்: பூட்டு அப்படியே இருந்தால்? வகுப்பு வகுப்பாக நனைந்துகொண்டிருந்தால்?

பள்ளிக்குப் பின்னால் பெண்பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். சலசலவென்று பேச்சு, தள்ளுமுள்ளு, "ஏய், சீக்கிரம் வா, நீ என்ன உள்ள குடியா இருக்க?" என்று கதவைத் தட்டும் சத்தம். பூட்டு உடைந்து தரையில் கிடந்தது. சாவி துருவுக்குள் திரும்பவில்லையாம், கல்லால் அடித்திருக்கிறார்கள்.

கதவோரம் கற்பகவல்லி டீச்சர். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். கையில் வாளி.

என்னைப் பார்த்ததும் நின்றார். நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "பினாயில் எவ்வளவு ஊத்தணும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவுதானா? ஒரு கல், ஒரு வாளி. இதற்காகவா விஞ்ஞானம், காப்பீடு, வேன், ஜூஸ், இத்தனை வயிற்றில் கத்தி?

வரிசையில் நின்று உள்ளே போய்வந்த அனுசியா நேராகக் குழாயடிக்குப் போனாள். இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். குடித்துக்கொண்டே இருந்தாள். சட்டையெல்லாம் ஈரம். அப்புறம் வாயைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் ஓடிவந்தாள்.

"அக்கா, இப்பத்தான் கக்கூஸ் திறந்துட்டாகல்லா. இனிமே இந்த மடைய எடுத்துருவீகளா?"

எடுக்கமுடியாது. அவள் பைக்குத் தானாகத் திறக்கும் வித்தை இனி வராது. பட்டாம்பூச்சிக் கதவு திறந்தே கிடந்தாலும், அவள் சாகும்வரை தொப்புளுக்குக் கீழே அழுத்தித்தான் திறக்கவேண்டும்.

அவள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டது என்னிடம்தான். ஆனால் பதில் சொல்லவேண்டியவள் நான் இல்லை. நான் டீச்சரைப் பார்த்தேன்.

வாளி அவர் கையில் ஆடி, தண்ணீர் காலில் தளும்பியது.

"டீச்சர்" என்றேன். "பிள்ள கேக்குதுல்ல. சொல்லுங்க."